தன்னைத் தானே எண்ணிக்கொள்ளும் தீவு

2021 நவம்பர் 30ஆம் தேதி இரவை அடிப்படையாக வைத்து, பசிபிக் தீவு நாடான டோங்கா தன் மக்களை எண்ணியது. கிடைத்த எண் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை. 2022 ஜனவரி 15 அன்று ஹுங்கா டோங்கா – ஹுங்கா ஹாஅபாய் கடலடி எரிமலை வெடித்தது. சுனாமி அலைகள் கரையேறின, தீவுகளின் மீது சாம்பல் படிந்தது, நாட்டை வெளியுலகோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து வாரங்கள் பிடித்தன.

அப்படிப்பட்ட நேரத்தில் நிவாரணக் கப்பலை அனுப்புகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது என்ன? எந்தத் தீவில் எத்தனை வீடுகள், எத்தனை குழந்தைகள், எத்தனை முதியவர்கள், குடிநீருக்கு மழைநீர்த் தொட்டியை நம்பியிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான். சாம்பல் விழுந்தால் முதலில் கெடுவது அந்தத் தொட்டித் தண்ணீர். இவை எல்லாம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் கேட்கப்படும் மிகச் சாதாரணமான கேள்விகள். படிவம் நிரப்பும்போது சலிப்பூட்டும் கேள்விகள்கூட. எரிமலை வெடித்த மறுநாள் அவற்றின் விடைகளுக்கு ஈடாக வேறெதுவும் இருக்க முடியாது. செயற்கைக்கோள் படம் கூரையைக் காட்டும். கூரைக்குக் கீழே யார் இருந்தார்கள் என்பதைக் காட்டாது.

சிறிய தீவு நாட்டின் புள்ளியியல் அலுவலகத்தைப் பற்றிப் பேசும்போது, பெரிய நாட்டு அலுவலகத்தின் சிறு அச்சு என்று நினைத்துவிடுகிறோம். ஆட்கள் குறைவு, வேலையும் குறைவு என்று தோன்றும். நான் பார்த்தவரை இது பெரிய தவறு. நாடு சிறுக்கும்போது ஒவ்வொரு எண்ணின் கனமும் கூடுகிறது. எண்ணும் முறையே மாற வேண்டியிருக்கிறது. அதோடு, தன்னைப் பற்றிய கணக்கைத் தானே சொல்ல முடியாத நாட்டுக்கு, வேறு யாரோ தொலைவில் உட்கார்ந்து மதிப்பிட்டுச் சொல்வார்கள்; கடனும் உதவியும் அந்த மதிப்பீட்டின்படிதான் வரும்.

வேலைப் பட்டியல் எங்கும் ஒன்றுதான்: மக்கள்தொகை, பிறப்பு இறப்பு, விலைவாசி, ஏற்றுமதி இறக்குமதி, வேலைவாய்ப்பு, வறுமை, தேசியக் கணக்கு. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17. அவற்றை அளக்க 230க்கும் மேற்பட்ட குறியீடுகள். நூறு கோடிக்கு மேல் மக்கள் கொண்ட நாடும் அதே பட்டியலை நிரப்ப வேண்டும், பதினோராயிரம் பேர் வாழும் துவாலுவும் அதே பட்டியலை நிரப்ப வேண்டும். துவாலுவில் அதற்காக இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்.

சிறிய பானையில் பதம் பார்ப்பது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மாதிரி ஆய்வின் முழுத் தத்துவமும் அதில் அடங்கிவிடுகிறது. பானை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சோறு ஒரே சீராக வெந்திருந்தால், பதம் பார்க்கக் கொஞ்சம் சோறு போதும். கோடிக்கணக்கான வீடுகள் உள்ள நாட்டில் ஒரு விகிதத்தை ஐந்து சதவீதப் புள்ளிப் பிழைக்குள் அறிய, சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்த சுமார் 385 வீடுகள் போதும். கேட்பவருக்கு நம்ப முடியாத அளவுக்குச் சிறிய எண் இது.

இதன் மறுபக்கம்தான் தீவுகளுக்குச் சிக்கல். பானை சிறுத்தாலும் பதம் பார்க்கத் தேவையான சோறு அதே விகிதத்தில் குறைவதில்லை. மொத்தமே 1,700 வீடுகள் உள்ள நாட்டில் அதே துல்லியத்துக்கு 310 வீடுகளுக்கு மேல் போக வேண்டும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு. தீவு வாரியாக, ஆண் பெண் வாரியாக விவரம் வேண்டும் என்றால், கிட்டத்தட்ட எல்லா வீடுகளின் கதவையும் தட்டியாக வேண்டும். இந்த ஆண்டு வருமான–செலவு ஆய்வு, அடுத்த ஆண்டு உடல்நல ஆய்வு, அதற்கடுத்து விவசாய ஆய்வு, தொழிலாளர் ஆய்வு என்று அதே குடும்பம் திரும்பத் திரும்பக் கேள்விகளுக்கு முன்னால் உட்காருகிறது. செலவு ஆய்வில் பல நாட்களுக்கு வாங்கியது, பிடித்தது, பறித்தது, கொடுத்தது அனைத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். முதல் சில நாட்கள் எல்லாமே எழுதப்படும். போகப் போகப் பதிவு குறையும். இது மக்களின் குறை அல்ல. ஒரே தோள்களின் மேல் இத்தனை ஆய்வுகளை ஏற்றினால் அப்படித்தான் நடக்கும்.

விகிதங்களும் இங்கே வேறு விதமாக நடந்துகொள்கின்றன. ஓர் ஆண்டில் 25 குழந்தைகள் பிறக்கும் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை இறந்தால் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 40. உலகின் மோசமான நாடுகளின் வரிசையில் போய் நிற்கும். மறு ஆண்டு ஒரு குழந்தையும் இறக்கவில்லை என்றால் விகிதம் பூஜ்யம். உலகிலேயே சிறந்த நாடு. இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் மருத்துவமனையில் எதுவும் மாறியிருக்காது. ஆகவே ஐந்தாண்டுச் சராசரியை வெளியிடுவதா, விகிதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் சொல்வதா என்று அலுவலகம் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். சர்வதேசத் தரப்பட்டியலில் இந்த யோசனைக்கு இடமே இல்லை. இறக்குமதிக் கணக்கிலும் இதே கதை: வாங்கிய ஒரு விமானமோ, உள்ளூர்ப் போக்குவரத்துக்கான ஒரு கப்பலோ அந்த மாதத்து எண்ணைத் தலைகீழாக்கிவிடும்.

யாரை எண்ணுவது?

கேட்க எளிது, விடை கடினம். நியுவே தீவில் வாழ்வோர் 1,700 பேர் அளவில்தான். நியூசிலாந்தில் வாழும் நியுவே வம்சாவளியினர் 30,000க்கும் மேல். டோங்காவின் 2016 கணக்கெடுப்பும் 2021 கணக்கெடுப்பும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தந்தன. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பிறப்புகள் இறப்புகளைவிட அதிகம்தான். அந்த வேறுபாட்டை நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் ஈர்த்துக்கொண்டன. போனவர்கள் அனுப்பும் பணம் டோங்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சமம். நாட்டில் இல்லாதவர்களைச் சேர்க்காமல் அந்த நாட்டின் குடும்பப் பொருளாதாரத்தை விளக்கவே முடியாது.

மாலத்தீவில் இதற்கு நேர் எதிர். சுமார் 1,200 தீவுகளில் 200க்கும் குறைவானவற்றில்தான் உள்ளூர் மக்கள் வாழ்கிறார்கள். தீவுக்கு ஒன்றாகச் சுற்றுலா விடுதிகள் தனி. 2022 கணக்கெடுப்பில் நாட்டில் வசித்த சுமார் 5 லட்சத்து 15 ஆயிரம் பேரில் நான்கில் ஒருவர் வெளிநாட்டவர்; கட்டுமானத்திலும் விடுதிகளிலும் வேலை செய்பவர்கள். அவர்களை விட்டுவிட்டு எண்ணினால் குடிநீர், கழிவு, மருத்துவமனைப் படுக்கை எதற்கும் கணக்கு சரிவராது. சேர்த்து எண்ணினால், தலைக்கு இவ்வளவு வருமானம் என்ற எண் வேறாகிவிடும். இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, எது எதற்கு என்று சொல்வதுதான் நேர்மையான வழி. மாலத்தீவு அப்படித்தான் பிரித்து வெளியிடுகிறது.

கிரிபாட்டியின் கதை பணத்தில் தொடங்குகிறது. 33 தீவுகள், ஆனால் பிரத்தியேகப் பொருளாதாரக் கடல் மண்டலம் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். அந்தக் கடலில் சூரை மீன் பிடிப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கப்பல்கள். அவை கட்டும் உரிமக் கட்டணமே அரசு வருவாயின் பெரும்பகுதி. மீனைக் கிரிபாட்டி பிடிக்கவில்லை, ஆதலால் அந்தப் பணம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் முழுமையாகத் தெரிவதில்லை. வெளியிலிருந்து வரும் வருவாயையும் கூட்டிக்கொள்ளும் மொத்த தேசிய வருமானத்தில் வந்து சேர்கிறது. இதனால் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி. எல் நினோ ஆண்டுகளில் வெதுவெதுப்பான நீரோடு சூரைக் கூட்டம் கிழக்கே நகர்ந்து கிரிபாட்டி பக்கம் வரும்போது வருவாய் எகிறும். அந்த ஆண்டின் எண்ணை மட்டும் பார்த்து, நாடு செழித்துவிட்டது என்று யாராவது முடிவு கட்டினால், மீன்கள் திரும்பிப் போகும் ஆண்டில் அந்த முடிவின் சுமையைத் தலைநகர்ப் பகுதியான தெற்கு தாராவாவில் நெருக்கியடித்து வாழும் மக்கள் சுமப்பார்கள்.

விலைக் குறியீட்டிலும் இடத்தின் வாசனை இருக்க வேண்டும். பிஜியின் நுகர்வோர் விலைக் குறியீட்டில் யங்கோனா என்னும் கவா வேருக்குத் தனி எடை உண்டு, ஏனென்றால் மக்கள் அதற்கு உண்மையாகவே பணம் செலவிடுகிறார்கள். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் பயிர்களை அழித்த பிறகு யங்கோனா விலை ஏறியது. நாட்டின் பணவீக்க எண்ணையே அது தூக்கியது. வெளியூர்ப் பட்டியல் ஒன்றை அப்படியே நகலெடுத்திருந்தால் இந்த ஏற்றம் எண்ணில் தென்பட்டே இருக்காது.

வனுவாட்டு இன்னும் ஒரு படி போனது. 83 தீவுகள், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள், சொந்தத் தோட்டத்திலும் கடலிலும் விளைவதை உண்டு வாழும் பெரும்பான்மை. பணத்தால் மட்டும் அளந்தால் அவர்கள் ஏழைகள். 2012இல் அந்த நாட்டின் புள்ளியியல் அலுவலகம் மரபுத் தலைவர்கள் பேரவையோடு சேர்ந்து வேறொரு நலக் கணக்கை வெளியிட்டது. மரபு நிலத்திலும் காட்டிலும் கடலிலும் உரிமை இருக்கிறதா, தாய்மொழி தெரியுமா, நடவுக் காலம் தெரியுமா, சடங்குகளில் பங்கு கொள்கிறார்களா என்று அது கேட்டது. எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு புள்ளியியல் அலுவலகத்துக்கு எவ்வளவு பெரிய உரிமை என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த முயற்சிதான்.

ஆறு நாட்கள்

2004 டிசம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை, மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகளின் பட்டியலிலிருந்து மாலத்தீவை விடுவிக்க முடிவெடுத்தது. ஆறு நாட்கள் கழித்து, டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. சேதம் நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 62 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. பட்டியலிலிருந்து வெளியேறும் நாள் தள்ளிப்போய், 2011 ஜனவரி 1இல் தான் நிறைவேறியது. சமோவாவுக்கு 2009 சுனாமி, வனுவாட்டுக்கு 2015 பாம் புயல் என்று இதே போன்ற தாமதங்கள் தொடர்ந்தன.

அந்தப் பட்டியலில் இருந்தால் சலுகைக் கடன், வரியில்லா ஏற்றுமதி போன்ற உதவிகள் கிடைக்கும். வெளியேறினால் அவை படிப்படியாக நிற்கும். இருப்பதா வெளியேறுவதா என்பதை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: தலைக்கு வருமானம், மனிதவளம், பொருளாதார – சுற்றுச்சூழல் பாதிப்புக்கு உள்ளாகும் தன்மை. துவாலுவும் கிரிபாட்டியும் முதல் இரண்டிலும் வரம்பைத் தாண்டிவிட்டன. மூன்றாவதில் உலகிலேயே மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள நாடுகளுள் அவை நிற்கின்றன. விதிப்படி மூன்றில் இரண்டைத் தாண்டினாலே வெளியேறத் தகுதி வந்துவிடும். கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் வாழும் நாடு, நாங்கள் இன்னும் தயாராகவில்லை என்று வாதாட, தன் எண்களைத்தான் முன்வைக்க வேண்டியிருக்கிறது.

2017 செப்டம்பரில் மரியா புயல் கரீபியன் தீவு நாடான டொமினிக்காவைத் தாக்கியபோது சேதமும் இழப்பும் முந்தைய ஆண்டு உற்பத்தியில் 226 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். உலகத்தின் மனசாட்சியைத் தொட்ட எண் அது. அந்த எண்ணின் மேற்பாதியைக் கணக்கிட வல்லுநர் குழுக்கள் விமானத்தில் வந்து இறங்கும். கீழ்ப்பாதியை, அதாவது வகுக்கும் எண்ணை, யாரும் அவசரத்துக்குச் செய்து தர முடியாது. புயலுக்கு முன் பல ஆண்டுகள் அமைதியாக உழைத்து உருவாக்கிய தேசியக் கணக்கிலிருந்து மட்டுமே அது வரும். தலைக்கு வருமானத்தை மட்டும் வைத்து உதவியைத் தீர்மானிக்காதீர்கள் என்று தீவு நாடுகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்டு வந்தன. 2024 ஆகஸ்டில் ஐ.நா. பொதுச்சபை பல்பரிமாணப் பாதிப்புக் குறியீடு ஒன்றை ஏற்றது. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் குறியீட்டுக்கும் தீனி தரவு. விவரம் இல்லாத இடத்தில் மதிப்பீடு நிரம்பும். மதிப்பீட்டில் தீவின் முகம் மங்கிவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் கையில் படிவம்

பெரிய நகரத்தில் கணக்கெடுப்பாளர் முன்பின் தெரியாதவர். சிறு தீவில் அவர் உறவினர், தேவாலயத்தில் பக்கத்து இருக்கைக்காரர், அல்லது குழந்தையின் ஆசிரியர். அவரிடம் வருமானத்தைச் சொல்வது, ஊனத்தைச் சொல்வது, வீட்டில் யார் யாரோடு வாழ்கிறார்கள் என்று சொல்வது எளிதான காரியம் அல்ல. ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 1994இல் ஏற்று, பொதுச்சபை 2014இல் உறுதி செய்த அரசுப் புள்ளிவிவரங்களின் அடிப்படைக் கோட்பாடுகள் பத்து. அவற்றுள் ஆறாவது, தனிமனித விவரம் ரகசியம் என்றும் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்றும் சொல்கிறது. பெரிய நாட்டில் பெயரை நீக்கினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. இருநூறு பேர் வாழும் தீவில், ‘40 வயதுக்கு மேற்பட்ட பெண் செவிலியர்’ என்றாலே யார் என்று ஊருக்குத் தெரியும்.

நிறுவனங்களுக்கும் இதே நிலை. ஒரு துறையில் இரண்டே நிறுவனங்கள் இருந்து மொத்த விற்பனையை வெளியிட்டால், தன் எண்ணைக் கழித்துப் போட்டியாளரின் கணக்கை ஒவ்வொன்றும் கண்டுபிடித்துவிடும். ஒரே வங்கி, ஒரே மீன் பதப்படுத்தும் ஆலை என்றால் கழிக்கவே தேவையில்லை. ஆகவே அட்டவணையில் பல கட்டங்களை மறைக்க வேண்டியிருக்கிறது. மறைத்த கட்டத்தை அருகிலுள்ள கூட்டுத்தொகையிலிருந்து கணக்கிட்டுவிடலாம் என்பதால் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும். வெளியிடும் கடமையும் காக்கும் கடமையும் இவ்வளவு நெருக்கமாக மோதும் இடம் வேறெங்கும் இல்லை.

அரசின் அழுத்தமும் இங்கே தூரத்தில் இல்லை. 2021 செப்டம்பரில் பிஜியின் புள்ளியியல் பணியகம் 2019–20 குடும்ப வருமான–செலவு ஆய்வின் அறிக்கையை வெளியிட்டது. வறுமையை இனவாரியாகவும் அது பிரித்துக் காட்டியது. ஏழைகளில் நான்கில் மூவர் இதௌகே பூர்வகுடியினர் என்றது. அரசு அந்தப் பகுப்பை நிராகரித்தது. அதே மாதத்தில் பணியகத்தின் தலைவர் பதவி நீக்கப்பட்டார். ஒரு கணக்கு முறை தவறென்றால், அதை முறையைக் கொண்டே மறுக்க வேண்டும். கணக்கிட்டவரை அனுப்பிவிடுவது மறுப்பாகாது. அடுத்து அந்த நாற்காலியில் அமர்பவர் எந்த அட்டவணையை வெளியிடலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் இது நினைவில் வரும்.

கேட்காமல் விட்ட கேள்விக்கும் விலை உண்டு. மொரிஷியஸ் தன் அரசியலமைப்பில், சமூகங்களின் பிரதிநிதித்துவத்தைச் சமன்செய்ய நாடாளுமன்றத்தில் எட்டு இடங்கள் வரை கூடுதலாக ஒதுக்கும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அதற்குச் சமூகவாரி மக்கள்தொகை வேண்டும். அந்தக் கேள்வி கடைசியாகக் கேட்கப்பட்டது 1972இல். பிறகு வந்த கணக்கெடுப்புகள், பிரிவினையை வளர்க்கக் கூடாது என்று அதைக் கைவிட்டன. நோக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் ஒதுக்கீடு தொடர்கிறது, அதுவும் 1972 எண்களின்படியே. அந்த எண்களில் இருந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. இன்றைய வாக்காளர்களில் பெரும்பாலோர் அன்று பிறக்கவில்லை.

சில கைகள்

ஒருவரே விலைக் குறியீட்டையும் வணிகக் கணக்கையும் பார்க்கும் அலுவலகத்தில், அவர் மேற்படிப்புக்கோ வெளிநாட்டு வேலைக்கோ கிளம்பினால் அந்தத் தொடர் அப்படியே நின்றுவிடும். பசிபிக் சமூகம் என்னும் வட்டார அமைப்பு இதற்காகவே நியூ கலிடோனியாவின் நூமேயாவிலிருந்து புள்ளியியல் வல்லுநர்களை அனுப்புகிறது. பொதுவான கேள்வித்தாள், கையடக்கக் கணினி, பயிற்சி ஆகியவற்றைப் பகிர்கிறது. இது மிகவும் தேவையான ஏற்பாடு. ஆனாலும் வந்த வல்லுநர் போன பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறந்து, சென்ற ஆண்டு இந்த எண் எப்படி வந்தது என்று சொல்லக்கூடிய ஒருவர் உள்ளூரில் இருந்தாக வேண்டும். சிங்கப்பூர் 2000ஆம் ஆண்டு முதல் அடிப்படைத் தலைக்கணக்கைப் பதிவேடுகளை இணைத்தே எடுத்து, கூடுதல் விவரங்களுக்கு மட்டும் மாதிரி ஆய்வு நடத்துகிறது. தீவு என்பதால் எல்லா எல்லையையும் அது கண்காணிக்க முடிகிறது என்பதும் ஒரு காரணம். பிறப்பு, இறப்பு, குடிவரவுப் பதிவேடுகள் ஒழுங்காக இருந்தால் சிறுமையே வசதியாக மாறும். பெரும்பாலான தீவு அலுவலகங்களில் முதல் முதலீடு இந்தப் பதிவேடுகளில்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்புக்குப் பணம் கொடுக்க ஆட்கள் வருவார்கள். மருத்துவமனையில் பிறப்பைப் பதியும் எழுத்தருக்குச் சம்பளம் கொடுக்க யாரும் எளிதில் வருவதில்லை.

துவாலு இப்போது இதைவிடக் கடினமான கணக்கின் வாசலில் நிற்கிறது. ஆஸ்திரேலியாவுடன் 2023 நவம்பரில் கையெழுத்தாகி 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஃபலேபிலி ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் அங்கே குடியேறலாம். பதினோராயிரம் பேரில் அது ஆண்டுக்கு இரண்டரை சதவீதம். 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்கு நாட்டு மக்களில் பெரும்பான்மையோர் பதிவு செய்தார்கள். போகிறவர்கள் திரும்பி வரலாம், மீண்டும் போகலாம். பன்னிரண்டு மாதங்களில் எத்தனை மாதம் எங்கே இருந்தார் என்ற வழக்கமான வசிப்பிட விதி அவர்களைச் சரியாகப் பிரிக்காது. எந்தத் தீவின் பள்ளியில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள், எந்த வீட்டில் முதியவர்கள் மட்டும் தனியே இருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியதும் அதே சிறிய அலுவலகம்தான்.

2023இல் துவாலு தன் அரசியலமைப்பைத் திருத்தி, காலநிலை மாற்றத்தால் நிலத்தை இழந்தாலும் தன் அரசுரிமை நிலைத்திருக்கும் என்று எழுதி வைத்தது. அப்படி ஒரு நாள் வந்தால், அந்த நாட்டின் மக்கள் யார், எந்தெந்த நகரங்களில், எத்தனை பேர் என்று சொல்ல ஒரு பட்டியல் வேண்டியிருக்கும். அதன் முதல் வரியை, முதல் குடும்பம் தலைநகர் ஃபுனாஃபூட்டியில் விமானம் ஏறும் நாளிலேயே ஒருவர் எழுதியிருக்க வேண்டும்.